பம்பாயில் வெளிவந்த ஆந்தை

பாரசீகம் என்றால் நம்மில் பலருக்கு உமார் கய்யாம்தான். கவிமணி தமிழில் தந்ததைப் படித்துவிட்டு, மதுக்கிண்ணமும் மர நிழலுமாக ஒரு தேசத்தைக் கற்பனை செய்துகொண்டுவிட்டோம். மற்றபடி நமக்குப் பழக்கமான பாரசீகம் தாலுகா ஆபீஸில் இருக்கிறது. அமராவதி நகர்வாசியான நான் உடுமலைக்குப் போய்த் தாசில்தாரைப் பார்த்து, தஸ்தாவேஜைக் காட்டி, ரசீது வாங்கி வந்தால், அரை நாள் பாரசீகம் பேசினவனாகிறேன். அந்த பாஷையின் தலைசிறந்த நாவல் முதன்முதலில் வெளிவந்தது நம் பம்பாயில் என்பது எத்தனை பேருக்குத் தெரியும்?

ஆயிரம் வருஷமாகக் கவிதைக்கே கிரீடம் சூட்டி வந்த பாஷை அது. வசனம் பெரும்பாலும் பண்டிதர்கள் கையில் அகப்பட்டுக் கிடந்தது. 1921-ல் ஜமால்ஸாதே என்பவர் பெர்லினில் ஒரு கதைத் தொகுதி வெளியிட்டார். முதல் கதையில், துறைமுகக் காவலறை ஒன்றில் ஒரு பாமரன் அடைபட்டிருக்கிறான். கூட ஒரு மௌல்வி. ஐரோப்பிய மோகம் பிடித்த இளைஞன் ஒருவன். மௌல்வி வாய் திறந்தால் அரபு, இளைஞன் வாய் திறந்தால் பிரெஞ்சு. இரண்டு பேருக்கும் பைத்தியம் என்று பாமரன் நடுங்குகிறான். கதை சொல்கிறவர் சாதாரணப் பாரசீகத்தில் பேசியதும்தான் அவனுக்கு உயிர் வருகிறது. மணிப்பிரவாளத்திடம் பட்ட நமக்கு இந்தக் கதையை விளக்க வேண்டியதில்லை.

அடுத்து வந்தவர் சாதிக் ஹிதாயத். 1903-ல் டெஹ்ரானில் பிறந்தவர். நம் புதுமைப்பித்தனுக்கு மூன்று வயது மூத்தவர். இருவருக்கும் கேலி உண்டு, கசப்பு உண்டு, தெருப் பேச்சில் தீராத ஆசை உண்டு. ஆனால் இவருக்கு ஒரு 'மணிக்கொடி' இருந்தது. அவருக்கோ ரெஜா ஷா! அந்த ராஜா ரயில் போட்டார், சர்வகலாசாலை கட்டினார், எழுதுகிறவர்களின் வாயையும் கட்டினார்.

1936-ல் ஹிதாயத் பம்பாய்க்கு வந்தார். அங்குள்ள பார்ஸி பண்டிதர் பஹ்ராம்கோர் அங்கிலேசரியாவிடம் பழைய பஹ்லவி பாஷை கற்றார். 'குருட்டு ஆந்தை' நாவலைத் தம் கையெழுத்திலேயே சுமார் 50 பிரதிகள் நகலெடுத்தார். ஈரானில் விற்பனைக்கல்ல என்று அதில் குறித்தும் வைத்தார். சொந்த ஜனங்கள் வாங்கக் கூடாது என்று ஆசிரியனே எழுத வேண்டியிருந்த புஸ்தகம்!

கதாநாயகன் பேனாப் பெட்டிகளில் சித்திரம் தீட்டுகிறவன். எத்தனை பெட்டி தீட்டினாலும் ஒரே சித்திரம்தான்: ஸைப்ரஸ் மரத்தடியில் யோகி மாதிரி கூனிக் குந்திய கிழவன், எதிரே பூ நீட்டும் பெண், நடுவே ஓடை. பெட்டிகள் விலைபோவது இந்தியாவில். அவனைப் பெற்றவள் இங்கே கோயிலில் ஆடிய ஒரு தாசி. அவள் பொருட்டு இரட்டையரான இரு சகோதரர்கள் நாகப்பாம்போடு இருட்டறையில் அடைக்கப்படுகிறார்கள். ஒருவன் வெளியே வருகிறான். அவன் தகப்பனா, சிற்றப்பனா என்று யாருக்கும் நிச்சயமில்லை. பாம்பும் தாசியும் வெள்ளைக்காரர்கள் நம்மைப் பற்றி எழுதும் கதைகளில் மலிந்த சரக்குதான். ஆனால் இங்கே அவை வேடிக்கைக்காக வரவில்லை. தான் யார் பிள்ளை என்று தெரியாதவனின் பயமாக வருகின்றன. படித்த அன்று எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை.

1941-ல் ரெஜா ஷா முடி துறந்த பிறகுதான் டெஹ்ரான் பத்திரிகை ஒன்றில் அது தொடர்கதையாக வந்தது. பத்து வருஷம் கழித்து, 1951 ஏப்ரலில், ஹிதாயத் பாரிஸில் ஒரு வாடகை வீட்டில் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். சமாதியும் அங்கேயேதான் இருக்கிறது.