தனியே வெளியேறிய தலைவர்

1945 ஆகஸ்டில் ஜப்பானியர் சரணடைந்த நேரம். மலாயாவில், ஜொகூரின் பத்து பகாட் வட்டாரத்தில் ரத்தம் ஓடிக்கொண்டிருந்தது. காட்டிலிருந்து வெளியே வந்த ஜப்பானிய எதிர்ப்புப் படையினரில் பெரும்பாலோர் சீனர்கள். ஜப்பானியருக்கு உடந்தை என்று சொல்லி அவர்கள் மலாய்க்காரர்களைப் பழிதீர்த்தார்கள். மலாய்க் கம்பத்து ஆண்களோ கியாய் சாலே என்ற சமயத் தலைவரின் பின்னால் பாராங் கத்தியோடு திரண்டார்கள்.

அங்கே மாவட்ட அதிகாரியாக இருந்தவர் ஓன் ஜாபார். அவர் கியாய் சாலேயை நேரில் போய்ப் பார்த்தார். சீனர்கள் மீது நடக்கவிருந்த தாக்குதலைப் பேசியே நிறுத்தினார். எதிரியை எதிர்ப்பதைவிடச் சொந்தக் கூட்டத்தின் முன்னால் நின்று 'வேண்டாம்' என்று சொல்வது கடினம். அதை அன்று அவர் செய்து காட்டினார். ஆறு ஆண்டுகள் கழித்து அதே காரியத்தை மறுபடி செய்யப் போய்த்தான் விழுந்தார்.

ஓன் 1895இல் ஜொகூர் பாருவில் பிறந்தவர். தந்தை ஜாபார், ஜொகூரின் முதல் மந்திரி பெசார் (முதலமைச்சர்). இங்கிலாந்தில் படித்த பிள்ளை. ஆனாலும் ஜொகூர் சுல்தான் இப்ராகிமைக் குறைகூறி எழுதியதால் ஊரைவிட்டுப் போக நேர்ந்து, சிங்கப்பூரில் 'வார்த்தா மலாயா' நாளிதழின் ஆசிரியராக இருந்தார். அரண்மனைக்கும் அஞ்சாத பேனா என்ற பெயர் பிற்பாடு அவருக்குக் கைகொடுத்தது.

போர் முடிந்ததும் பிரிட்டன் 'மலாயன் யூனியன்' திட்டத்தைக் கொண்டுவந்தது. சுல்தான்களின் அதிகாரம் பிரிட்டிஷ் முடியாட்சிக்குப் போகும். மற்ற இனத்தாருக்கும் குடியுரிமை எளிதாகக் கிடைக்கும். கொதித்தெழுந்த மலாய்க்காரர்களை ஓன் ஒன்று திரட்டினார். 1946 ஏப்ரல் 1 அன்று கோலாலம்பூரில் ஆளுநர் பதவியேற்றபோது சுல்தான்கள் ஒருவரும் போகவில்லை. போகக் கூடாது என்று அவர்கள் தங்கியிருந்த ஸ்டேஷன் ஹோட்டலுக்கே சென்று சொன்னவர் ஓன். மலாய் ஆண்கள் துக்கத்துக்கு அடையாளமாகச் சொங்கோக் தொப்பியைச் சுற்றி வெள்ளைத் துணி கட்டிக்கொண்டார்கள். மே 11 அன்று ஜொகூர் பாருவின் பெரிய அரண்மனையில் அம்னோ என்ற மலாய்க்காரர்களின் கட்சி பிறந்தது. ஓன் முதல் தலைவர். 1948 பிப்ரவரி 1 அன்று யூனியன் போய் மலாயாக் கூட்டரசு வந்தது.

இந்த வெற்றியில் நமக்கு இழப்பும் உண்டு என்பதை மறைக்க வேண்டியதில்லை. குடியுரிமை விதிகள் இறுகின. பால்மரத் தோட்டங்களில் உழைத்த தமிழர்கள் பலர் இந்த மண்ணில் அந்நியராகவே நின்றார்கள்.

அதனால்தான் ஓனின் அடுத்த முடிவு எனக்குப் பெரிதாகப் படுகிறது. 1949இல் சமூகத் தொடர்புக் குழுவில் மலாய், சீன, இந்தியத் தலைவர்கள் சேர்ந்து பேசினார்கள். தலைமையேற்றவர் இலங்கைத் தமிழரான இ.இ.சி. துரைசிங்கம். டான் செங் லோக்கும் இருந்தார். பல இனங்கள் சேராமல் சுதந்திரம் கைக்கு வராது என்று ஓன் அங்கே தெளிந்தார். குடியுரிமையைத் தளர்த்த வேண்டும், அம்னோவின் கதவை எல்லா இனத்தாருக்கும் திறக்க வேண்டும் என்றார். கட்சிக்குள் துரோகி என்ற பேச்சு எழுந்தது.

1950இல் அவர் பதவி விலகினார். கட்சி கெஞ்சித் திரும்ப அழைத்தது. அந்த அழைப்புதான் அவரை ஏமாற்றிவிட்டது என்று நினைக்கிறேன். நான் இல்லாமல் இவர்களால் முடியாது என்ற நம்பிக்கை வேரூன்றிவிட்டது. கிளை கிளையாகப் போய்ப் பேசி, இரண்டாம் வரிசையினரைத் தம் பக்கம் இழுத்த பிறகு கேட்க வேண்டிய அந்தக் கதவுத் திறப்பை, அதற்கு முன்பே கேட்டார். 1951 ஆகஸ்டில் அவர் வெளியேறியபோது கட்சி கூடவே கிளம்பவில்லை. துங்கு அப்துல் ரஹ்மானைத் தலைவராக்கிக்கொண்டது.

செப்டம்பரில் ஓன் எல்லா இனத்தாரும் சேரக்கூடிய மலாயா சுதந்திரக் கட்சியைத் தொடங்கினார். மலாயா இந்தியர் காங்கிரசான ம.இ.கா. ஆதரவு தந்தது. ஆனால் 1952 பிப்ரவரியில் நடந்த கோலாலம்பூர் நகராண்மைத் தேர்தலில் அம்னோவும் சீனர்களின் கட்சியான ம.சீ.ச.வும் கைகோத்து 12 இடங்களில் 9ஐப் பிடித்தன. ஓனுக்குக் கிடைத்தவை 2. அவரவர் வீட்டில் அவரவர் இருக்கட்டும், முற்றத்தைப் பகிர்ந்துகொள்வோம் என்ற ஏற்பாடு மக்களுக்குப் புரிந்தது; ஒரே வீடு என்ற யோசனை பிடிபடவில்லை. ஓன் அப்போது பிரிட்டிஷ் நிர்வாகத்தில் உள்துறைப் பொறுப்பிலும் இருந்தார். துங்குவோ 'மெர்டேக்கா' (சுதந்திரம்) என்று முழங்கிக்கொண்டிருந்தார்.

அடுத்து ஓன் செய்ததை என்னால் நியாயப்படுத்த முடியவில்லை. 1954இல் பார்ட்டி நெகாராவைத் தொடங்கி மலாய் உணர்வை நோக்கித் திரும்பினார். பழைய ஆதரவாளர்கள் அவரிடம் மீண்டும் வரவில்லை. புதிய நண்பர்களும் விலகினார்கள். 1952 தோல்வி அவரது கொள்கையைக் கெடுக்கவில்லை. இந்தத் திருப்பம்தான் கெடுத்தது. 1955 பொதுத் தேர்தலில் சொந்த ஊரான ஜொகூர் பாருவே அவரைத் தோற்கடித்தது. 1959இல் அவருக்கு நாடாளுமன்ற இடம் தந்தது திரங்கானு. 1962 ஜனவரி 19 அன்று காலமானார்.

தந்தையோடு அம்னோவிலிருந்து வெளியேறிய மகன் உசேன் ஓன், 1968இல் அதே கட்சிக்குத் திரும்பினார்; 1976இல் மலேசியாவின் மூன்றாவது பிரதமரானார்.