சோழிங்கநல்லூர்ச் சட்டமன்றத் தொகுதி: எல்லையும் வாக்காளரும் (2008–2021)

முன்னுரை

வாக்குகள் அனைத்தும் சம மதிப்புடையவை என்பது மக்களாட்சியின் அடிப்படைக் கொள்கை. ஆயினும் அம்மதிப்பு நடைமுறையில் தொகுதியின் எல்லைக்கோட்டைச் சார்ந்தே அமைகிறது. நகரம் விரிந்துசெல்லும் விளிம்பில் அக்கோடு விரைவில் பழையதாகிவிடுகிறது. சென்னையின் தெற்குப் புறநகரில் அமைந்துள்ள சோழிங்கநல்லூர்த் தொகுதி இதற்குத் தக்க சான்றாகும். அத்தொகுதியின் வாக்காளர் பெருக்கத்தையும், அங்கு நடைபெற்ற முதல் மூன்று சட்டமன்றத் தேர்தல்களையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

எல்லை வரையறை

தமிழகச் சட்டமன்றத்தின் உறுப்பினர் எண்ணிக்கை 1967 முதல் 234 ஆகவே இருந்துவருகிறது. 2008 இல் நடைமுறைக்கு வந்த தொகுதி மறுவரையறை 2001 ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பை அடிப்படையாகக் கொண்டது. அன்றைய 6.24 கோடி மக்களை 234 ஆல் வகுத்தால் தொகுதிக்குச் சராசரியாக 2.67 லட்சம் பேர் வருவர். சோழிங்கநல்லூர் இம்மறுவரையறையில் தோன்றிய புதிய தொகுதியாகும்.

தரமணியில் டைடல் பூங்கா திறக்கப்பட்டது 2000 ஆம் ஆண்டில். பழைய மாமல்லபுரம் சாலை தகவல் தொழில்நுட்பப் பெருவழியாக வளர்ந்தது அதன் பின்னரே. அதாவது, பெருங்குடியேற்றம் முழுமை பெறுவதற்கு முன் எடுக்கப்பட்ட கணக்கைக்கொண்டு எல்லை வகுக்கப்பட்டது. விளைவாக, 2021 ஆம் ஆண்டு வாக்காளர் பட்டியலில் இத்தொகுதி ஏறக்குறைய 6.9 லட்சம் வாக்காளருடன் மாநிலத்தில் முதலிடம் பெற்றது. கடைசி இடத்திலிருந்த துறைமுகம் தொகுதியில் 1.76 லட்சம் வாக்காளரே இருந்தனர். இரண்டிற்கும் ஓர் உறுப்பினர் என்பதே விதி.

மூவகை வாக்காளர்

இத்தொகுதியின் வாக்காளரை மூன்று பிரிவினராகக் காணலாம். கடற்கரைக் குப்பங்களிலும் ஏரிப்பாசன ஊர்களிலும் தலைமுறைகளாக வாழ்வோர் முதற்பிரிவினர். அடுக்குமாடிக் குடியிருப்புகளில் குடியேறிய தொழில்நுட்பப் பணியாளர் இரண்டாம் பிரிவினர். இவர்களுள் வாடகைக்குக் குடியிருப்போர் அடிக்கடி வீடு மாறுவர். சிலரது பெயர் சொந்த ஊர்ப் பட்டியலிலேயே நீடிக்கிறது. இடம்பெயர்ந்த பின்னரும் சிலரது பெயர் இங்கு நீக்கப்படாமல் இருக்கிறது. எனவே 2021 இல் மாநிலச் சராசரியைவிட இங்கு வாக்குப்பதிவு குறைந்ததை ஆர்வக்குறைவு என்று மட்டும் கொள்வது பொருந்தாது.

மூன்றாம் பிரிவினர் அரசால் மறுகுடியமர்த்தப்பட்டோர். 2000 முதல் கண்ணகி நகரிலும், ஆழிப்பேரலைக்குப் பின் செம்மஞ்சேரியிலும், 2015 வெள்ளத்திற்குப் பின் பெருமளவில் பெரும்பாக்கத்திலும் மாநகரின் ஆற்றங்கரை, கடற்கரைக் குடிசைவாழ் மக்கள் குடியேற்றப்பட்டனர். அவர்கள் இழந்தவை வீடும் வேலையிடத்தின் அண்மையும் மட்டுமல்ல. உள்நகரத் தொகுதிகளின் வாக்காளர் எண்ணிக்கை சோழிங்கநல்லூரின் எண்ணிக்கையில் பாதியைக்கூட எட்டுவதில்லை. ஆகவே இடப்பெயர்வோடு அவர்களது வாக்கின் எடையும் குறைந்தது.

தேர்தல் களம்

2011 இல் அ.இ.அ.தி.மு.க.வின் கே.பி. கந்தன் இத்தொகுதியின் முதல் உறுப்பினரானார். 2016 இல் அக்கட்சி மாநில ஆட்சியைத் தக்கவைத்தபோதிலும் இங்கு தி.மு.க.வின் எஸ். அரவிந்த் ரமேஷ் வென்றார். 2015 டிசம்பர் வெள்ளத்தை அடுத்து வந்த அத்தேர்தலில் சென்னை மாநகரின் பெரும்பான்மைத் தொகுதிகளும் தி.மு.க.வையே தேர்ந்தெடுத்தன. 2021 இல் அரவிந்த் ரமேஷ் மீண்டும் வெற்றிபெற்றார்.

உள்ளாட்சி அமைப்பும் இக்களத்தைப் பாதித்தது. 2011 இல் சென்னை மாநகராட்சி விரிவாக்கப்பட்டபோது பெருங்குடி, சோழிங்கநல்லூர் போன்ற பகுதிகள் அதனுடன் இணைந்தன. பெரும்பாக்கம், மேடவாக்கம் ஆகியன ஊராட்சிகளாகவே தொடர்ந்தன. மேலும் 2016 அக்டோபர் முதல் 2022 தொடக்கம் வரை மாநகராட்சியில் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றம் இல்லை. குடிநீர், கழிவுநீர், வடிகால் ஆகிய மாநகராட்சிப் பகுதிக் குறைகளுடன் மக்கள் அணுகக்கூடிய மிக அண்மைய மக்கள் பிரதிநிதி, ஏறத்தாழ 7 லட்சம் வாக்காளருக்குரிய ஒரே சட்டமன்ற உறுப்பினர்தான்.

கோரிக்கைகள் நிறைவேறிய விதமும் நோக்கத்தக்கது. சாலைச் சுங்கக் கட்டணத்திற்கு எதிராகக் குடியிருப்போர் நலச்சங்கங்கள் தொடர்ந்து குரலெழுப்பின. 2021 ஆகஸ்டு இறுதியில் மெட்ரோ ரயில் பணியை முன்னிட்டுப் பெருங்குடி உள்ளிட்ட நான்கு சாவடிகளில் வசூல் நிறுத்தப்பட்டது. மகிழுந்து வைத்திருப்போரின் கோரிக்கைக்குச் சங்கமும் ஊடகமும் துணைநின்றன. மறுகுடியமர்வுப் பகுதியினருக்கோ வாக்கே முதன்மையான கருவி. அக்கருவியே இங்கு எடை குறைந்து நிற்கிறது.

முடிவுரை

சோழிங்கநல்லூரின் பத்தாண்டுத் தேர்தல் வரலாறு கட்சிகளின் வெற்றி தோல்வியைக் காட்டிலும் எண்ணிக்கையின் வரலாறாகவே அமைகிறது. பெருகிய மக்களுக்கு ஏற்ப எல்லை மாறவில்லை. அரசமைப்பின் 84 ஆம் திருத்தத்தின்படி 2026 க்குப் பின் எடுக்கப்படும் முதற் கணக்கெடுப்பின் முடிவு வெளியாகும்வரை தொகுதி எண்ணிக்கை மாறாது. மாநிலங்களுக்கிடையேயான இடப்பங்கீடு குறித்த விவாதம் வலுப்பெற்றுள்ள சூழலில், ஒரு மாநிலத்திற்குள்ளேயே நகர்மையத்திற்கும் விளிம்பிற்கும் இடையே நிலவும் இந்த ஏற்றத்தாழ்வும் உரிய கவனம் பெறவேண்டும்.