மீளும் வழியில் ஒன்பது தீவுகள்

பதினைந்தாம் நூற்றாண்டின் போர்த்துகீசிய மாலுமிகளுக்கு ஆப்பிரிக்கக் கரையோரமாகத் தெற்கே செல்வதைக் காட்டிலும், சென்ற இடத்திலிருந்து ஊர் திரும்புவதே பெருஞ்சங்கடமாக இருந்தது. லிஸ்பனிலிருந்து புறப்பட்ட கப்பலை வடகிழக்குக் காற்றும் தெற்கு நோக்கி ஓடும் நீரோட்டமும் பின்னின்று உந்திக் கினியாக் கரையில் சேர்த்துவிடும். திரும்பும்போதோ அதே காற்றும் அதே நீரோட்டமும் எதிர்த்து நின்று வழிமறிக்கும். கரையைக் கண்ணில் வைத்தே ஓட்டிப் பழகியவர்கள், அக்கரையைத் துணிந்து கைவிட்டு, வடமேற்கே நடுச்சமுத்திரத்துக்குள் சென்று, மேற்கிலிருந்து காற்று வீசும் வட அட்சரேகையை எட்டிய பின் கிழக்கே திரும்பித் தாய்நாட்டை அடையும் உபாயத்தைக் கண்டார்கள். போர்த்துகீசியரின் சாதனைகளில் தலையாயது இதுவே என்பது என் எண்ணம். அந்தத் திருப்பத்தில், லிஸ்பனுக்கு மேற்கே சுமார் 1,400 கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கின்றன அஸோர்ஸ் தீவுகள்.

அவற்றுக்கு முன்பே, 1418, 1419 ஆகிய ஆண்டுகளில், ஸார்கோ முதலான போர்த்துகீசிய மாலுமிகள் போர்த்தோ ஸாந்தோவையும் மதேராவையும் அடைந்திருந்தார்கள். போர்த்தோ ஸாந்தோவுக்குக் குடியேறச் சென்ற பெரெஸ்த்ரெல்லோ, கருவுற்ற முயலொன்றைக் கூண்டிலிட்டுக் கொண்டுபோனதையும், அது கப்பலிலேயே குட்டி போட்டதையும், தீவில் விடப்பட்ட அந்தக் குடும்பம் பெருகி, விதைத்ததையெல்லாம் தின்று தீர்த்து மனிதரையே விரட்டிவிட்டதையும் அரசவைச் சரித்திரகாரர் ஸுராரா எழுதி வைத்திருக்கிறார். மதேராவில் காட்டைத் தீயிட்டு அழித்து, மலைநீரைக் கால்வாய்களில் இறக்கிக் கரும்பு பயிரிட்டார்கள். கனேரித் தீவுகளிலிருந்தும் ஆப்பிரிக்காவிலிருந்தும் பிடித்துவரப்பட்ட அடிமைகளின் உழைப்பும் அந்தச் சர்க்கரையில் கலந்திருந்தது என்பதை மறைத்து இத்தீவுகளின் பெருமையைப் பேசுவது தர்மமாகாது. அங்கே சர்க்கரை வாங்கச் சென்ற ஜெனோவாக்காரர்களில் ஒருவர், பெரெஸ்த்ரெல்லோவின் மகளை மணந்த கொலம்பஸ்.

அஸோர்ஸில் மனிதருக்கு முன்னரே ஆடுகள் குடியேறின. போர்த்துகீசிய இளவரசர் ஹென்றி ஆடுகளை விட்டிருந்த ஏழு தீவுகளில் மக்களைக் குடியேற்ற 1439-இல் அரச அனுமதி பிறந்தது. மேற்கோடியிலுள்ள புளோரெஸும் கொர்வோவும் 1452-இல் மாலுமி தியோகோ தெ தெய்வெயின் கண்ணில் பட, தீவுகள் ஒன்பதாயின. 1493-இல் தம் முதல் யாத்திரையிலிருந்து புயலில் அலைக்கழிந்து மீண்ட கொலம்பஸ் ஒதுங்கியதும் இவற்றில் ஒன்றான ஸாந்தா மரியாவில்தான்.

கோழிக்கோட்டிலிருந்து 1499-இல் மீண்ட வாஸ்கோ ட காமாவுக்கு, லிஸ்பனில் காத்திருந்த கீர்த்தியைவிடத் தம் அண்ணன் பாவுலோவின் உயிரே பெரிதாயிற்று. வரும் வழியில் கேப் வர்டேயின் ஸாந்தியாகோ தீவில் தம் கப்பலை வேறொருவரிடம் ஒப்புவித்து, விரைந்து செல்லும் காரவெல் வகைக் கப்பல் ஒன்றை வாடகைக்கு அமர்த்தி, நோய் முற்றிய அண்ணனுடன் புறப்பட்டார். வழியிலேயே நிலைமை மோசமாகவே, அஸோர்ஸின் தெர்ஸெய்ரா தீவுக்குக் கப்பலைத் திருப்பினார். அங்கே பாவுலோ இறந்தார். அத்தீவின் அங்க்ரா ஊரிலுள்ள பிரான்சிஸ்கன் மடத்தில் அடக்கம் செய்யப்பட்டார். இந்திய மார்க்கத்தைத் திறந்த தம்பி அதன் பிறகே தலைநகர் சேர்ந்தார்.

பின்னர் அந்த அங்க்ராவே, மிளகேற்றி மீளும் இந்தியக் கப்பல்கள் தங்கும் பிரதான துறைமுகமாயிற்று. மாதக்கணக்கில் கடலில் கிடந்து நோயுற்ற மாலுமிகளுக்கு மருத்துவமும், வற்றிய பீப்பாய்களுக்கு நீரும், கிழிந்த பாய்களுக்குச் செப்பமும் தேடித் தரவும், கொள்ளைக் கப்பல்களிலிருந்து சரக்கைக் காத்து லிஸ்பனுக்கு அனுப்பவும், அரசர் 1527-இல் அங்கே தனி அதிகாரி ஒருவரையே நியமித்தார்.