பேனாவால் கறுப்படித்த கியூஆர் கோடு

1984-லேயே மத்திய அரசு 'கிளாஸ்' திட்டத்தில் சுமார் 250 பள்ளிகளுக்கு பிபிசி மைக்ரோ கணினிகளைக் கொடுத்ததாம். எங்கள் திருச்சுழி பக்கம் அந்தக் காற்று வீச ரொம்ப நாளானது. 2011 செப்டம்பர் 15-ல் தமிழக அரசு இலவச மடிக்கணினித் திட்டத்தைத் தொடங்கியது.

2018-ல் 1, 6, 9, 11-ஆம் வகுப்புகளுக்குப் புதிய பாடநூல்கள். உள்ளே கியூஆர் கோடுகள்! நான் அப்போது ஒன்பதாவது. போனைக் காட்டினால் வீடியோ ஓடும் என்றார்கள். வீட்டில் இருந்ததோ பட்டன் போன்... அந்தக் கட்டங்களைப் பேனாவால் கறுப்படித்து விளையாடினோம்.

2020-ல் கொரோனாவால் பள்ளிகள் மூடியபோது, முந்தைய ஆண்டு ஆகஸ்ட் 26-ல் தொடங்கிய கல்வித் தொலைக்காட்சிதான் கைகொடுத்தது. ஆனால் பதினொன்றாம் வகுப்புக் கணக்குப்பதிவியலில் பற்று எது, வரவு எது என்று டிவியிடம் எப்படிக் கேட்பது? பக்கத்து வீட்டு அக்காதான், தனக்குக் கிடைத்த அரசு மடிக்கணினியில் பேரேடு போட்டுக் காட்டினார்.