அமெரிக்காவில் அகலக்கற்றைப் புள்ளிவிவரம்
அகலக்கற்றை இணையம் எந்தெந்த வீடுகளுக்கு எட்டுகிறது, என்ன விலைக்குக் கிடைக்கிறது என்பனவற்றை அறிய அமெரிக்க ஐக்கிய நாடுகளில் அரசாங்கம் திரட்டும் விவரங்களின் தொகுதி. இவற்றுள் முன்னது பெரிதும் திருத்தமடைந்திருக்க, பின்னது இன்னும் ஆரம்ப தசையைக் கடக்கவில்லை.

2000ஆம் ஆண்டு முதல் இணையச் சேவை நிறுவனங்கள் கூட்டாட்சித் தகவல்தொடர்பு ஆணையத்துக்குப் ‘படிவம் 477’ என்ற பத்திரத்தின் மூலம் தாமே கணக்குக் கொடுத்து வந்தன. பிற்காலத்தில், குடிமதிப்புக்காக வகுத்த சிறு வட்டாரம் ஒன்றில் ஒரே ஒரு வீட்டுக்கு இணைப்பு இருந்தாலும், இல்லாவிடினும் தர இயலும் என்று நிறுவனம் சொன்னாலும், வட்டாரம் முழுவதுமே இணைப்புப் பெற்றதாகக் கொள்ளப்பட்டது. நகரத்தில் நான்கு தெருக்களுக்குள் அடங்கிவிடும் அவ்வட்டாரம் ஜனசஞ்சாரம் குறைந்த பிரதேசங்களில் நூற்றுக்கணக்கான சதுர மைல் விஸ்தீரணம் உடையதாகவும் இருக்கக்கூடுமாதலால், இணைப்பே காணாத குடும்பங்கள் பல, காகிதத்தில் இணைப்புள்ளவையாகிவிட்டன. சிறு நிறுவனம் ஒன்று எட்டு மாநிலங்களில் ஏறத்தாழ 6 கோடியே 20 லட்சம் மக்களுக்குச் சேவை தருவதாக எழுதிக் கொடுத்ததும், அதை நம்பி இணைப்பற்றோர் தொகை 1 கோடியே 94 லட்சமாகக் குறைந்ததென்று ஆணையம் அறிவித்ததும், பிழை வெளிப்பட்டு 2019 மே மாதத்தில் அது 2 கோடியே 13 லட்சமாகத் திருத்தப்பட்டதும் இம்முறையின் பலவீனத்துக்குப் போதிய சாட்சியம்.

2020 மார்ச்சில் பிறந்த சட்டம் வட்டாரக் கணக்கைக் கைவிட்டு, வீட்டுக்கு வீடு கணக்கெடுக்கப் பணித்தது. அதன் பயனாக 2022 நவம்பரில் வெளியான தேசப்படத்தில் எவரும் தம் முகவரியை இட்டுப் பார்த்து, தவறு கண்டால் ஆட்சேபம் எழுப்பலாம். நிறுவனம் 60 நாட்களுக்குள் பதில் சொல்லக் கடமைப்பட்டது. இணைப்பற்ற பகுதிகளுக்கு இணைப்புத் தர ஒதுக்கிய 4,245 கோடி டாலரை இப்படத்தைக் கொண்டே 2023 ஜூனில் மாநிலங்களுக்குப் பகிர்ந்தார்கள் என்பதால், விடுபட்ட ஒவ்வொரு வீடும் ஒரு மாநிலத்தின் நியாயமான பங்கைக் குறைக்கவல்லதாயிருந்தது.

ஆனால் அப்படத்தில் விலை இல்லை. கம்பி வாசல்வரை வந்தும், மாதக் கட்டணம் கட்டமுடியாத ஏழைக் குடும்பத்துக்கு இணையம் இல்லை என்பதே உண்மை. 2 கோடியே 30 லட்சம் குடும்பங்கள் பொதுவாக மாதம் 30 டாலர்வரை கட்டண உதவி பெற்றுவந்த திட்டம் நிதியின்றி 2024 ஜூன் 1ஆம் தேதி நின்றபோது அவ்வுண்மை கண்கூடாயிற்று. குடிமதிப்புத் துறையின் வருடாந்தர ஆய்வு மின்சாரத்துக்கு மாதம் எவ்வளவு செலவாகிறது என்று கேட்கிறது. இணையத்துக்குப் பணம் கட்டுகிறீர்களா என்றும் கேட்கிறது. எவ்வளவு என்று மட்டும் கேட்பதில்லை. அந்த ஒரு கேள்வியைச் சேர்ப்பது பெருஞ்செலவு பிடிக்கும் காரியமன்று. 2024 ஏப்ரல் முதல் பெரிய நிறுவனங்கள் விலையையும் வேகத்தையும் ஒரே மாதிரியான அட்டவணையில் வாடிக்கையாளருக்குக் காட்டவேண்டும் என்ற விதி அமலுக்கு வந்தது. எனினும் அவ்விலைகள் அந்தந்த நிறுவனத்தின் தளத்திலேயே கிடப்பதால், ஆராய்வோர் அவற்றை ஒவ்வொன்றாகத் தேடித் தொகுக்கவேண்டியிருக்கிறது.