மனப்பாடத்தைப் பிடிக்க வந்த தேர்வு: மாசசூசெட்ஸ், 1845–2024

1845 கோடையில் பாஸ்டன் நகரப் பொதுப்பள்ளிகளில் ஐந்நூறுக்கும் மேற்பட்ட மாணவர்களுக்கு அச்சிட்ட வினாத்தாள் கொடுத்தார்கள். அதுவரை ஆண்டுத்தேர்வு என்றால் ஊர்ப் பெரியவர்கள் கூடியிருக்க, பிள்ளைகள் எழுந்து நின்று பாடம் ஒப்பிப்பதுதான். எல்லாப் பள்ளிகளுக்கும் ஒரே கேள்விகள், ஒரே கால அளவு என்பது அந்நகரம் காணாத புதுமை. அதைக் கொண்டுவந்தவர்கள் பள்ளிக் குழுவில் இருந்த சாமுவேல் கிரிட்லி ஹோவும் அவரைச் சார்ந்தவர்களும். ஹோ, மாநிலக் கல்வி வாரியச் செயலர் ஹொரேஸ் மேனின் நெருங்கிய நண்பர். முந்தைய ஆண்டுதான் மேனின் சீர்திருத்தக் கருத்துகளைக் கண்டித்து பாஸ்டன் ஆசிரியர்கள் 31 பேர் சேர்ந்து நூல் வெளியிட்டிருந்தார்கள். அந்தப் பகையை விட்டுவிட்டு இத்தேர்வின் பிறப்பை எழுத முடியாது.

விடைகளில் ஏறத்தாழ 30 சதவீதமே சரி. அதைவிடக் குழுவினரை உலுக்கியது வேறொன்று. அதிபர் ஜெஃபர்சன் காலத்தில் ‘எம்பார்கோ’ விதிக்கப்பட்ட ஆண்டைப் பிள்ளைகள் பலர் பிழையின்றி எழுதியிருந்தார்கள். எம்பார்கோ என்றால் என்ன என்று அவர்களுக்குத் தெரியவில்லை. அது கப்பல் வணிகத்துக்குப் போட்ட தடை. அதனால் பாய்மரக் கப்பல்கள் முடங்கிக் கிடந்த துறைமுகங்களில் ஒன்று அவர்கள் ஊரான பாஸ்டன். நெட்டுருப் போடுவதைக் கையும் களவுமாகப் பிடிக்கத்தான் இத்தேர்வு பிறந்தது என்பதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஏனெனில், பின்னாளில் எழுந்த எதிர்ப்பின் முதல் குற்றச்சாட்டே தேர்வுதான் நெட்டுருவை வளர்க்கிறது என்பது.

பின்னர் தேர்வு வேறொரு நோக்கத்துக்கும் பயன்பட்டது. முதல் உலகப் போரில் அமெரிக்க ராணுவம் ஏறத்தாழ 17 லட்சம் பேருக்கு நுண்ணறிவுத் தேர்வு நடத்தியது. அந்த மதிப்பெண்களைக் கொண்டு, கறுப்பினத்தார் பிறவியிலேயே அறிவு குறைந்தவர்கள் என்று சிலர் வாதிட்டார்கள். 1924-இல் ‘தி கிரைசிஸ்’ இதழில் இதை எதிர்த்து எழுதினார் 19 வயது இளைஞர் ஒருவர். அதே மதிப்பெண்களை மாநிலவாரியாகப் பிரித்து, வடக்கே நல்ல பள்ளிகள் இருந்த இடங்களின் கறுப்பினத்தார் தெற்கு மாநிலங்கள் சிலவற்றின் வெள்ளையரை விஞ்சியிருப்பதைக் காட்டினார். தேர்வு அளந்தது பிறப்பை அன்று, பள்ளிக்கூடத்தை என்பது அவர் வாதம். அவர் பெயர் ஹொரேஸ் மேன் பாண்ட். பாஸ்டன் சீர்திருத்தக்காரரின் பெயரையே பெற்றோர் அவருக்கு வைத்திருந்தார்கள். தேர்வெதிர்ப்பு வரலாற்றில் இதைவிடக் கூர்மையான எழுத்தை நான் வாசித்ததில்லை.

மீண்டும் மாசசூசெட்ஸுக்கு வருவோம். 1993-ஆம் ஆண்டுக் கல்விச் சீர்திருத்தச் சட்டம் அம்மாநிலத்தின் ஏழை நகரங்களுக்குக் கூடுதல் நிதி கொடுத்தது. பதிலுக்குப் பொதுத்தேர்வு கேட்டது. ‘எம்காஸ்’ என்ற அத்தேர்வு 1998-இல் தொடங்கியது. 2003-இல் பள்ளி முடிப்பவர்கள் முதல், பத்தாம் வகுப்பு எம்காஸில் தேறாவிட்டால் பட்டயம் இல்லை என்றானது. சுமை ஏறியது இங்கேதான். 2000 ஏப்ரலில் நூற்றுக்கணக்கான மாணவர்கள் தேர்வைப் புறக்கணித்தார்கள். 2002-இல் வந்த கூட்டாட்சிச் சட்டம், 2014-க்குள் எல்லா மாணவர்களும் தேர்ச்சிநிலை எட்ட வேண்டும் என்றது. அதன் அழுத்தம் எங்கே கொண்டுபோய் விட்டது என்பதற்கு அட்லாண்டா சாட்சி: 44 பள்ளிகளில் ஆசிரியர்களும் தலைமையாசிரியர்களுமாக 178 பேர் முறைகேட்டில் ஈடுபட்டதாக 2011-இல் மாநில விசாரணை கண்டறிந்தது. தவறான விடைகளை அழித்துத் திருத்தியதும் அதில் அடக்கம்.

எதிர்ப்பாளர்கள் எல்லாரும் ஒரே தரப்பினர் என்று கருதிவிடக் கூடாது. 2015-இல் நியூயார்க் மாநிலத்தில் தகுதியுள்ள மாணவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் தேர்வெழுதாமல் விலகியபோது, முன்னின்றவர்களில் பெரும்பாலோர் புறநகர்ப் பெற்றோர். அதே ஆண்டு 12 குடிமை உரிமை அமைப்புகள் அந்த விலகலை எதிர்த்து அறிக்கை விட்டன. மதிப்பெண் இல்லாவிட்டால் தங்கள் சமூகப் பிள்ளைகள் கைவிடப்படுவது வெளியே தெரியாமலே போகும் என்பது அவர்கள் அச்சம். அதை என்னால் தள்ளிவிட முடியவில்லை. ஆனால் குறையைக் காட்டும் கருவியையே குறையுள்ள பிள்ளையின் வழியை அடைக்கவும் பயன்படுத்தினால், பள்ளியின் தவறுக்குப் பிள்ளை தண்டனை சுமக்கிறது. எம்காஸால் பட்டயம் இழந்தவர்களில் மாற்றுத்திறன் மாணவர்களும் ஆங்கிலம் அப்போதுதான் கற்றுக்கொண்டிருந்த குடியேறிகளின் பிள்ளைகளும் மிகுதி.

2024 நவம்பரில் மாசசூசெட்ஸ் ஆசிரியர் சங்கம் முன்னெடுத்த வாக்கெடுப்பில் ஏறத்தாழ 59 சதவீதத்தினர், எம்காஸில் தேறினால்தான் பட்டயம் என்ற நிபந்தனையை நீக்க வாக்களித்தார்கள். ஆளுநர் மௌரா ஹீலி அதை எதிர்த்திருந்தார். தேர்வு நின்றுவிடவில்லை; கூட்டாட்சிச் சட்டப்படி ஆண்டுதோறும் நடக்கிறது. ஒரு பிள்ளை படிப்பை முடித்ததென்று சான்று சொல்லும் பொறுப்பு மட்டும், 1845-இல் ஹோ யாரை நம்ப மறுத்தாரோ, அந்த உள்ளூர்ப் பள்ளிகளிடம் திரும்பியிருக்கிறது.