தாழ்த்தப்பட்ட பிக்கப் வண்டிகளில் ஷாஃப்ட் அதிர்வு

அமெரிக்காவில் ஷெவர்லே சில்வராடோ, ஃபோர்டு எஃப்-150 போன்ற பிக்கப் வண்டிகளின் உயரத்தைக் குறைத்து ஓட்டுவது பழைய வழக்கம். பின்பக்கத்தை வெகுவாகத் தாழ்த்த, லீஃப் ஸ்பிரிங்குக்குக் கீழே இருக்கும் ஆக்சிலை அதன் மேலே மாற்றிப் பொருத்துவார்கள். இந்த வேலைக்குப் பிறகு, அதுவரை சீராக ஓடிய வண்டி ஒரு குறிப்பிட்ட வேகத்தில் தரையும் இருக்கையும் அதிர நடுங்கத் தொடங்குவதுண்டு. உடனே, கியர்பாக்ஸின் சுழற்சியைப் பின் ஆக்சிலுக்குக் கொண்டுசெல்லும் புரொப்பெல்லர் ஷாஃப்டைக் கழற்றி பேலன்ஸ் செய்ய அனுப்புவதுதான் வழக்கமான வைத்தியம். பெரும்பாலும் அது பலன் தராது. ஷாஃப்டின் பேலன்ஸ் அதன் எடை எப்படிப் பரவியிருக்கிறது என்பதைப் பொறுத்தது. வண்டியின் உயரம் குறைந்ததால் அது மாறாது. மாறியது ஷாஃப்டின் கோணம்.

கோணம் ஏன் நடுக்கமாகிறது என்பதற்கு விடை, ஷாஃப்டின் முனைகளை மற்ற பாகங்களோடு இணைக்கும் யூ ஜாயின்ட்டில் இருக்கிறது. வளைந்த நிலையில் சுழலும் யூ ஜாயின்ட், ஒரு பக்கம் சீரான வேகத்தில் சுற்றினாலும், மறுபக்கத்தை ஒவ்வொரு சுற்றிலும் இருமுறை விரைவுபடுத்தி இருமுறை தாமதப்படுத்தும். 3 டிகிரி வளைவில் இந்த ஏற்ற இறக்கம் சராசரி வேகத்துக்கு மேலும் கீழும் சுமார் 0.14 சதவீதம், 8 டிகிரியில் ஏறத்தாழ 1 சதவீதம். ஷாஃப்டின் இரு முனைகளிலும் உள்ள ஜாயின்ட்கள் ஒரே வரிசையில் அமைந்து, இரு கோணங்களும் சமமாக இருந்தால், முதல் ஜாயின்ட் உண்டாக்கும் தடுமாற்றத்தை இரண்டாவது ஈடுசெய்துவிடும். கியர்பாக்ஸின் அச்சும் டிஃபரன்ஷியல் பினியனின் அச்சும் இணையாக இருக்க வேண்டும் என்ற விதி இதிலிருந்து வருவது. ஆனால் இடையிலுள்ள ஷாஃப்ட் மட்டும் தொடர்ந்து வேகம் மாறியே சுற்றும். ஆகவே கோணங்கள் சமமாக இருந்தாலும், ஒவ்வொன்றும் 3 டிகிரிக்குள் இருப்பது நல்லது.

இதிலிருந்து ஒரு முக்கியமான முடிவு கிடைக்கிறது: உயரம் குறைவது மட்டுமே குற்றவாளி அல்ல. 1.5 மீட்டர் நீளமுள்ள ஒற்றை ஷாஃப்ட் கொண்ட வண்டியை 12 செ.மீ. தாழ்த்தினால் ஷாஃப்டின் சாய்வு சுமார் 4.5 டிகிரி மாறும். பினியன் திரும்பாமல் இருந்தால் இரு ஜாயின்ட்களும் ஒரே அளவு மாறுவதால் சமநிலை கெடாது. ஸ்பிரிங்கின் முனையைச் சேஸிஸோடு இணைக்கும் ஷேக்கிளை நீளமானதாக மாற்றும்போதோ, ஆக்சிலில் ஸ்பிரிங் அமரும் இருக்கை சரியான சாய்வில் அமையாதபோதோ பினியன் திரும்பிவிடுகிறது. சமநிலை அங்கேதான் உடைகிறது. இரண்டு துண்டு ஷாஃப்ட் உள்ள நீள வண்டிகளில் சிக்கல் இன்னும் கூடுதல். நடுவிலுள்ள சென்டர் பேரிங் சேஸிஸோடு இணைந்திருப்பதால் முன் துண்டின் கோணம் மாறாது. மாற்றம் முழுவதும் பின் துண்டின் மேல் விழுகிறது.

அதிர்வின் மூலத்தை அதன் வேகமே காட்டிக்கொடுக்கும். 75 செ.மீ. விட்டமுள்ள டயர், 3.73 ஆக்சில் விகிதம் கொண்ட வண்டி மணிக்கு 100 கி.மீ. வேகத்தில் செல்லும்போது டயர் வினாடிக்கு ஏறத்தாழ 12 முறையும், ஷாஃப்ட் 44 முறையும் சுற்றும். நடுக்கம் வினாடிக்கு 12 என்றால் டயரையும் வீலையும் பார்க்க வேண்டும். 44 என்றால் ஷாஃப்ட் பேலன்ஸ். 88 என்றால் யூ ஜாயின்ட் கோணம். அதிர்வை அளக்கும் கைபேசிச் செயலியே இதற்குப் போதும். அதே வேகத்தில் கியரை மாற்றியும், நியூட்ரலில் விட்டும் பார்க்கலாம். நடுக்கம் என்ஜின் சுற்றோடு மாறினால் ஷாஃப்டைக் குறைசொல்ல இடமில்லை.

பேலன்ஸ் செய்ததும் சரியான வண்டிகளும் உண்டே என்று கேட்கலாம். உண்டு. வேலையின்போது ஷாஃப்டைக் கழற்றி, ஸ்ப்ளைனை வேறு பல்லில் மாட்டியிருந்தால் ஜாயின்ட்களின் வரிசையே தவறிப்போகும். பேலன்ஸ் கடையில் அதைச் சேர்த்துச் சரிசெய்திருப்பார்கள். பழைய யூ ஜாயின்ட் ஒரே கோணத்தில் தேய்ந்திருந்தால், புதிய கோணத்தில் அதன் தேய்மானம் வெளிப்படும். ஆக்சில் மேலெழுவதைத் தடுக்கும் பம்ப் ஸ்டாப்பில் அது இடித்துக்கொண்டிருந்தால், வழக்கமான சிறு அதிர்வும் பெரிதாகக் கேபினுக்குள் வரும். இவை கோணக் காரணத்தைப் பொய்யாக்கவில்லை. அளப்பதற்கு முன் கண்ணால் பார்த்தே விலக்க வேண்டியவை.

அளவெடுக்கும்போது வண்டியின் எடை சக்கரங்கள் மேலேயே இருக்க வேண்டும். லிஃப்டில் தூக்கி ஆக்சிலைத் தொங்கவிட்டு எடுத்த கோணத்துக்கு மதிப்பில்லை. டிஜிட்டல் கோணமானியால் கியர்பாக்ஸ், ஷாஃப்ட், பினியன் மூன்றின் சாய்வையும் குறித்துக்கொண்டு, அடுத்தடுத்த இரண்டின் வித்தியாசம் கண்டால் ஜாயின்ட் கோணங்கள் கிடைக்கும். பினியன் தவறியிருந்தால் ஸ்பிரிங்குக்கும் ஆக்சிலுக்கும் இடையே சாய்வு ஆப்பு வைக்கலாம். சென்டர் பேரிங்கின் உயரத்தைத் தகடு வைத்து மாற்றலாம். வேகமெடுக்கும்போது ஸ்பிரிங் முறுக்கிப் பினியன் முனை மேலெழும் என்பதால், நிற்கும்போது அதை 1 முதல் 2 டிகிரி தாழ்வாக வைப்பவர்களும் உண்டு. எதைச் செய்தாலும் வரிசை ஒன்றுதான்: முதலில் கோணத்தை அளக்க வேண்டும், ஷாஃப்டைப் பேலன்ஸுக்கு அனுப்புவது அதற்குப் பிறகே.